கரையில் ஒருத்தர் வேண்டும்

காசிமேடு
ஜூன் 17

அன்புள்ள கண்ணு,

நைனா எழுதுகிறேன். தடைக்காலம் 14-ஆம் தேதியோடு முடிந்து படகெல்லாம் கடலுக்குப் போயாச்சு. வஞ்சிரம் இன்னும் யானை விலை. மற்றபடி எல்லோரும் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஷ்லாக்டன்சே ஏரியைச் சுற்றப் போவதாகப் போட்டிருந்தாய். நல்ல இடம். பெர்லினுக்குள்ளேயே காடு, சுற்றிவர அஞ்சரை கிலோமீட்டர், ஏற்றம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பெரியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம். அஞ்சு வயசுக் காலுக்கு இரண்டரை வைத்துக்கொள், குளியல் தனி. "நானும் பாப்பாவும்" என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தண்ணியில் ஒருத்தர், கரையில் ஒருத்தர். குழந்தையை ஏரியில் இறக்குவதற்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும்மா. தண்ணியில் இருப்பவர் குழந்தைக்குக் கை எட்டுகிற தூரத்தை விட்டு நகரக் கூடாது. கரையில் இருப்பவரிடம் துண்டும் போனும் இருக்க வேண்டும், கண் அந்தப் போனில் இருக்கக் கூடாது. உனக்கே காலில் தசை பிடித்தால் 112-க்கு யார் அடிப்பது? மூழ்குகிற குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமல் போய்விடும்.

நீச்சலுக்குக் கொடுத்த கடல்குதிரை பேட்ஜோடு பாப்பா நிற்கிற போட்டோவை உன் அம்மா தெரு முழுக்கக் காட்டியாச்சு. எனக்கும் பெருமைதான். ஆனால் அதற்கு நீந்த வேண்டியது 25 மீட்டர்தான். அடுத்த வெண்கல பேட்ஜுக்குத்தான் 15 நிமிஷம், அதில் 200 மீட்டராவது நீந்த வேண்டும். அதுவரை அவளை நீச்சல் தெரிந்தவள் கணக்கில் சேர்க்காதே. கையில் மாட்டும் காற்றுப்பையையும் நம்பாதே, கழன்றுவிடும். போட்டோ எடுத்தது யாரென்று அம்மா கேட்டாள். நான் என்ன சொல்ல?

நம் கடலில் பயம் அலையும் இழுப்பும். அங்கே குளிர். மேல் தண்ணி வெயிலில் இதமாக இருக்கும், கால் கீழே போனால் சில்லென்று வெட்டும், மூச்சு தூக்கிப் போடும். கடல் தண்ணியில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதுவே ஆளைத் தூக்கும். ஏரியில் அந்தத் தயவு இல்லை. பனியாறு அறுத்த பள்ளம் அது, கரை சட்டென்று இறங்கும். முழங்கால் வரை இறங்கி நின்று பாதத்தைப் பார். பாதம் தெரியாமல் பச்சையாகக் கலங்கியிருந்தால் நீலப்பச்சைப் பாசி; அன்றைக்குக் குளியல் இல்லை, அழுதாலும் இல்லை. உதடு நீலம் பாய்வதற்கு முன்னாலேயே வெளியே தூக்கிவிட வேண்டும். தூக்கினவுடன் துண்டில் சுற்ற ஒருத்தர் வேண்டும், மறுபடியும் அதையே சொல்கிறேன்.

வழி உனக்குத் தெரியாததா, இருந்தாலும். எஸ்-1 ரயிலில் இறங்கி, ஏரியைப் பார்த்து நின்று, வலது கைப்பக்கம் நட. கிழக்கு முனையில் ஃபிஷர்ஹூட்டே ஓட்டல் வரும். பாப்பா அதற்குள் சோர்ந்துவிட்டால் அங்கிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் யு-3 ஸ்டேஷன், திரும்பிவிடலாம். தெம்பாக இருந்தால் எதிர்க்கரை, காட்டு நிழல். குளியலை அந்தப் பக்கம் பாதி வழியில் வைத்துக்கொள். முதலிலேயே குளித்தால் அப்புறம் நடக்க மாட்டாள். எலுமிச்சை சாதம் போதும். நெத்திலி வறுவல் கட்டிக்கொண்டு போகாதே, குளவி வரும்.

புல்லுக்குள் போனால் பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகு. உண்ணி ஏறும். ராத்திரி முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னால், முடி ஓரம் எல்லாம் பார். கடித்திருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழு. எண்ணெய் விடுவதும் சூடு காட்டுவதும் கூடாது. கடித்த தேதியை எழுதிவை. அடுத்த சில வாரத்தில் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் போக வேண்டும். உன் முதுகையும் யாராவது பார்க்க வேண்டும். மாப்பிள்ளைக்குக் கண் கூர்மை, அவரைப் பார்க்கச் சொல்.

அவருக்கு எப்போதும் நைட் ஷிஃப்ட் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்டா? நீ கெட்டிக்காரிதான், தனியாக எல்லாம் சமாளிப்பாய், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அது இல்லை நான் கேட்பது. அம்மா பாஸ்போர்ட்டை எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறாள், தேதி இருக்கிறதா என்று பார்க்கத்தானாம்.

ஆறு வயசு வரை அங்கே ரயிலுக்கு டிக்கெட் வேண்டாம், பாப்பா கணக்கில் வர மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ எத்தனை டிக்கெட் எடுக்கிறாய் என்று மட்டும் எழுது.

நைனா