அப்பாவுக்கு, இங்கிலாந்தின் எய்ல்ஸ்பரியிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் அம்மா பாதியிலேயே வாங்கிக்கொள்கிறார், அதனால் நீங்கள் கேட்டதை எழுதியே அனுப்பிவிடுகிறேன். குன்றின் மேல் இருக்கும் மாளிகையின் போட்டோவைப் பார்த்து, கல்லை எப்படி மேலே ஏற்றினார்கள் என்று கேட்டீர்களே, இந்த வாரம் லீவு நாளில் மறுபடியும் போய் விசாரித்துவிட்டு வந்தேன்.

அதன் பெயர் வாட்ஸ்டன் மேனர். ஃபெர்டினாண்ட் டி ராத்ஸ்சைல்டு என்ற பேங்கர் குடும்பத்துக்காரர் 1874இல் இந்த இடத்தை மார்ல்பரோ பிரபுவிடம் வாங்கினார். அப்போது இது மொட்டைக் குன்று. உச்சியை வெட்டிச் சமன் செய்துவிட்டுத்தான் கடைக்காலே போட்டிருக்கிறார்கள். பாத் என்ற ஊர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லைக் கொண்டுவருவதற்கென்றே ரயிலடியிலிருந்து தனியாக ஒரு நீராவி டிராம் தடம் போட்டார்களாம். மரம் வளரும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், வளர்ந்த மரங்களையே வேரோடும் மண்ணோடும் பெயர்த்து, பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வரவழைத்த பெரிய ஜாதிக் குதிரைகளைப் பூட்டி மேலே இழுத்து நட்டிருக்கிறார்கள். பணம் இருந்தால் நிழலைக்கூட உடனே வாங்கலாம் போலிருக்கிறது!

உங்களுக்குப் பிடிக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. வெளியே பார்த்தால் பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கோட்டை மாதிரி கோபுரமும் சுழல் படிக்கட்டுமாக இருக்கும், ஆனால் உள்ளே மாடிச் சுவர் கீழ்ச் சுவருக்கு நேராக நிற்கவே இல்லை. நீங்கள் பார்த்திருந்தால் ‘இது தாங்காது’ என்று அங்கேயே சொல்லியிருப்பீர்கள். சுவருக்குள்ளே எஃகுச் சட்டம் கொடுத்து பாரத்தை அதில் ஏற்றியிருக்கிறார்கள், அதனால் மாடியில் அறைகளை இஷ்டத்துக்குப் பிரிக்க முடிந்திருக்கிறது. பாத்ரூமில் அந்தக் காலத்திலேயே வெந்நீர்க் குழாய், இதை அம்மாவிடம் சொல்லுங்கள். தெஸ்தாயர் என்ற பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட் முதலில் இன்னும் பெரிய பிளான் போட்டுக் கொடுக்க, இவ்வளவு வேண்டாம் என்று குறைத்தாராம் ஃபெர்டினாண்ட். பின்னால் வருத்தப்படுவீர்கள் என்று அவர் எச்சரித்தபடியே, 1889க்குப் பிறகு ஒரு பக்கம் இழுத்துக் கட்ட வேண்டி வந்தது. நம் ஊர்ப் பார்ட்டிகள் தளம் போட்ட பிறகு ‘இன்னொரு ரூம் எடுக்க முடியுமா மேஸ்திரி’ என்று கேட்பது போலத்தான்.

சரி, இவ்வளவு பெரிய வீட்டில் குடியிருந்தது யார் என்கிறீர்களா? ஒரே ஆள். மனைவி 1866லேயே பிரசவத்தில் போய்விட்டார், குழந்தையும் தங்கவில்லை. கோடைக்காலத்தில் சனி ஞாயிறு விருந்தாளிகள் வருவார்கள், மற்ற நாளெல்லாம் வேலையாட்கள்தான். அவருக்குப் பிறகு வீடு தங்கை ஆலிஸ் கைக்கு வந்தது. அந்தம்மா வெயில் பட்டுத் துணியும் மரச்சாமானும் வெளுத்துவிடக் கூடாது என்பதில் ரொம்பக் கறார். இன்றைக்கும் திரையை இறக்கியேதான் வைத்திருக்கிறார்கள், பாதி அறைகளில் எனக்குச் சரியாகக் கண் தெரியவில்லை.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் மட்டும் அதே குடும்பத்துக்கு வரிசையாக வீடுகள் இருந்திருக்கின்றன. லண்டனுக்கு ரயில் உண்டு, வேட்டைக்கு நல்ல நிலம், அண்ணன் தம்பி பக்கத்தில், அதனால் ஆளுக்கொன்றாகக் கட்டிவிட்டார்கள். ஆனால் ஒவ்வொன்றின் கதியும் வேறு. ஆலிஸின் வாரிசு ஜேம்ஸ் 1957இல் இறந்தபோது, பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு வாட்ஸ்டனை உயிலில் விட்டு, பராமரிப்புக்குப் பணமும் சேர்த்தே வைத்தார், அதனால் நிற்கிறது. ஹால்டன் வீடு விமானப்படைக்குப் போனது. ஆஸ்டன் கிளின்டனை இடித்தே விட்டார்கள். மென்ட்மோரை, அது லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையைக் கட்டிய பாக்ஸ்டன் போட்ட வீடு, சாமான்களோடு 20 லட்சம் பவுண்டுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லியும் அரசாங்கம் மறுத்துவிட்டது. 1977இல் சாமானை மட்டும் ஏலம் விட்டதிலேயே 60 லட்சத்துக்கு மேல் வந்ததாம். காலி வீட்டை அடுத்த வருஷம் வாங்கியது நம் மகரிஷி மகேஷ் யோகியின் ஆட்கள்!

அப்புறம், பக்கத்து ஊரான டிரிங்கில் இருந்த, அதே குடும்பத்து வால்டர் ராத்ஸ்சைல்டு வரிக்குதிரை பூட்டிய வண்டியில் போனவர். அவர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த கிளிஸ் கிளிஸ் என்ற எலி வகைப் பிராணி 1902இல் வெளியே தப்பி, இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெருகிவிட்டது. குட்டி அணில் மாதிரி சாம்பல் நிறம், புசுபுசு வால். எங்கள் வாடகை வீட்டுப் பரணில் ராத்திரியெல்லாம் ஓடுவது அதுதான். லைசென்ஸ் இல்லாமல் பிடிக்கக் கூடாதென்று சட்டம், வீட்டுக்காரரோ இன்னும் ஆளே அனுப்பவில்லை. அக்டோபரில் தூங்கப் போய்விடுமாம், அதுவரை பஞ்சை வைத்துக் காதை அடைத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் அணில் என்றே சொல்லுங்கள், எலி என்று தெரிந்தால் உடனே வீடு மாற்றச் சொல்வார்.

உங்கள் அன்பு மகள்