எந்தக் காணி போகும், எந்தப் பனை நிற்கும்? பலாலி விரிவாக்கம் குறித்து ஒரு திறந்த மடல்

வான்வழிப் போக்குவரத்துக்குப் பொறுப்பான மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கும், யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலைய விரிவாக்கத்தைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பலாலியின் கதையை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதற் பறப்பே இரத்மலானையிலிருந்து இங்கே இறங்கித்தான் மதராசுக்குப் போனது. 2019 ஒக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறந்ததும், சில மாதங்களிலேயே கொரோனா வந்து மூடியதும், 2022 டிசம்பரில் சென்னைச் சேவை திரும்பியதும் உங்கள் கோப்புகளில் இருப்பவை. அந்தச் சேவைக்கு வந்தது எழுபது பேரளவில் ஏறும் ஏ.ரி.ஆர். 72. ஏ320 போன்ற பெரிய விமானம் வரவேண்டும் என்ற ஆசை எங்களுக்கும் உண்டு. வெளிநாடு போகும் ஒவ்வொருவரும் கட்டுநாயக்கவுக்கு இராமுழுக்க வாகனத்தில் போகும் பாடு தீரவேண்டும் என்பதில் இங்கே இரண்டு கருத்து இல்லை.

ஆனால் விரிவாக்கம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் செய்தியில் ஒரேயொரு எண்தான் வருகிறது: ஓடுபாதையின் நீளம். அந்த எண்ணைக் கேட்டதும் மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டிச் சனத்துக்கு நெஞ்சு பதைக்கிறது. போரால் 1990 ஜூனில் உடுத்த உடுப்போடு வெளியேறியவர்கள் அவர்கள். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து கட்டம் கட்டமாகக் காணி விடுபட, விடுபட்ட இடத்தில் பற்றை வெட்டி, கிணறு இறைத்து, கொட்டில் போட்டு இருக்கிறார்கள். கல்வீடு கட்டலாமா என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். விமான நிலைய இயக்கத்திலும் பாதுகாப்பிலும் நீண்ட காலம் நின்று பழகிய ஒருவரை, முழுநேரமாக, முடிவெடுக்கும் அதிகாரத்தோடு, திட்டத்தின் முதல் நாளிலிருந்தே அமர்த்துங்கள். அவர் அளவுகளை ஊருக்கு முன்னால் வைத்துப் பதில் சொல்லட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறோம் என்றால், நீளத்தை மட்டும் வைத்து ஒருவருடைய வேலிக்கு என்ன நடக்கும் என்று சொல்லவே முடியாது. ஏ320 இறங்க ஓடுபாதை 45 மீற்றர் அகலம் வேண்டும். அதன் இரு முனைக்கும் அப்பால் 60 மீற்றர் துண்டுப்பட்டை, அதாவது ஓடுபாதையைச் சுற்றித் தடையில்லாமல் விடும் நிலம். கருவி வழிகாட்டலோடு இறங்குவதென்றால் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 140 மீற்றர் வீதம், மொத்தம் 280 மீற்றர் அகலத்துக்கு அந்தப் பட்டை திறந்து கிடக்கவேண்டும். அதற்கும் அப்பால்தான் ஓடுபாதை முடிவுப் பாதுகாப்புப் பகுதி. விமானம் நிற்காமல் ஓடிவிட்டால் உயிர் காக்கும் நிலம் அது.

அந்த நிலத்துக்குச் சர்வதேச விதியில் இரண்டு அளவு உண்டு. கட்டாயமானது 90 மீற்றர் நீளம், ஓடுபாதையின் இருமடங்கு அகலம். 90க்கு 90 என்றால் 32 பரப்பு (பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்). பரிந்துரைக்கப்படுவது 240 மீற்றர் நீளம், 150 மீற்றர் அகலம். அது 142 பரப்பு. ஒரு முனைக்கு மட்டும் 110 பரப்பு வித்தியாசம். அந்த 110 பரப்புக்குள் எத்தனை குடும்பத்தின் தோட்டம், எத்தனை கிணறு, எத்தனை வைரவர் சூலம்!

குறைந்த அளவோடு விட்டுவிடுங்கள் என்று நாங்கள் ஒருபோதும் கேட்கமாட்டோம். 2020 ஓகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழை நனைந்த ஓடுபாதையில், பின்காற்றோடு இறங்கிய விமானம் முனை தாண்டி விழுந்து 21 பேர் இறந்தார்கள். 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவானில் பறவை மோதிய விமானம் வயிற்றால் சறுக்கி, ஓடுபாதைக்கு அப்பால் கொங்கிறீற் வைத்துக் கட்டிய அன்ரெனா மேட்டில் மோதி 179 பேர் போனார்கள். உடையக்கூடியதாக இருக்கவேண்டிய தாங்கி உடையாமல் நின்றதுதான் அங்கே கொன்றது. முவானும் ஒரு கரையோரச் சிறு விமான நிலையம், குளிர்காலத்தில் வலசைப் பறவை இறங்கும் இடம். தொண்டைமானாற்று நீரேரியைப் பக்கத்தில் வைத்திருக்கும் பலாலிக்கு அந்தச் செய்தி தூரத்துச் செய்தி இல்லை.

நாங்கள் சொல்வது, 32க்கும் 142க்கும் இடையில் வேறு வழிகளும் உண்டு என்பதையே. முனையில் நொறுங்கும் இலகு கொங்கிறீற் தடுப்புப் படுக்கை போட்டால் குறைந்த நிலத்திலேயே விமானத்தை நிறுத்தலாம். அல்லது ஓடுபாதையின் கடைசி நூறு, நூற்றைம்பது மீற்றரை இறங்கும் நீளக் கணக்கிலிருந்து கழித்து அதையே பாதுகாப்புப் பகுதியாக்கலாம். முதலாவதற்குப் பராமரிப்புச் செலவு கூட. இரண்டாவதால் விமானம் ஏற்றக்கூடிய எடை குறையும். எது இந்த மண்ணுக்குப் பொருந்தும் என்பதை, ஓடுபாதையில் தரையிறக்கத்தையும் அவசர நிலையையும் கையாண்ட ஒருவரால்தான் நிறுத்துச் சொல்ல முடியும். வரைபடம் கீறுபவர் அதிக அளவைப் போட்டுவிட்டுப் போவார். அவருக்கு அது பேப்பரில் ஒரு கோடு.

பனையும் அப்படித்தான். எந்த மரமும் கட்டடமும் முட்டக்கூடாத கற்பனைச் சரிவான இறங்குபாதைத் தளம் துண்டுப்பட்டையின் முனையிலிருந்து 50 மீற்றருக்கு 1 மீற்றர் என்று உயர்கிறது. எங்கள் தட்டை நிலத்தில் ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் 20 மீற்றர்தான் இடம். வளர்ந்த பனை அதை எட்டிவிடும். பக்கவாட்டில் 7 மீற்றருக்கு 1 மீற்றர் உயரம் விடுகிறார்கள்; எனவே 20 மீற்றர்ப் பனை பட்டையின் விளிம்பிலிருந்து 140 மீற்றர் தள்ளி நின்றால் போதும். ஆகவே எல்லாப் பனையையும் தறிக்கத் தேவையில்லை. ஒவ்வொன்றாக அளந்து, எண் போட்டு, தறிக்கவேண்டியதை மட்டும் தறிக்கலாம். கோவில் கோபுரத்துக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் இதே கணக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். ஏ.ரி.ஆர். 72க்குத் தீயணைப்பு வகை 5. ஒரு வண்டி, 5,400 லீற்றர் தண்ணீர். ஏ320க்கு வகை 6. இரண்டு வண்டி, 7,900 லீற்றர், ஓடுபாதையின் எந்த முனைக்கும் மூன்று நிமிடத்துக்குள். இந்த ஏற்பாடு இல்லாமல் ஓடுபாதை நீண்டு என்ன பயன்? அந்த வண்டிகளின் நுரையில் புளோரின் சேர்ந்த இரசாயனம் இருந்தால், பயிற்சியில் கொட்டுவது சுண்ணக்கல் வெடிப்பு வழியே நேரே கிணற்றுக்கு இறங்கும். குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை, நிலத்தடி நீர்தான் உயிர். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாங்கள் மறக்கவில்லை. புளோரின் இல்லாத நுரை, கசியாத பயிற்சித் தளம், எரிபொருள் பவுசர் நிற்கும் இடத்தில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி: அனுபவம் உள்ளவர் இவற்றை முதல் மதிப்பீட்டிலேயே எழுதிவிடுவார். பிறகு சேர்ப்பதற்கு எப்போதும் காசு இருக்காது.

தயவுசெய்து ஆலோசகர்களை ஆடி மாதத்தில் மட்டும் கூட்டிவராதீர்கள். பலாலி ஓடுபாதை வடகிழக்கு – தென்மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகத்துக்கும் வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்கும் ஏற்ற கிடை. சோளகத்தில் காய்ந்த தாரைப் பார்த்துவிட்டுப் போனால் ஒன்றும் தெரியாது. கார்த்திகை மழையில் வந்து, ஓடுபாதையை மூன்று பங்காக நடந்து, தண்ணீர் எங்கே 3 மில்லிமீற்றருக்கு மேல் நிற்கிறது என்று அளக்கவேண்டும். அந்த அளவைத் தாண்டினால் சில்லின் பிடிப்பைக் காட்டும் ஓடுபாதை நிலைக் குறியீடு 5இலிருந்து 2க்கு விழும், நிறுத்தும் தூரம் நீளும். 2021 நவம்பரிலிருந்து உலகம் முழுவதும் இதே முறைதான்.

இப்படி நடக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஆட்களிலும் இருக்கிறார்கள். வளைகுடாவிலும் கனடாவிலும் இரவுப் பணியில் ஓடுபாதை பார்த்து, தரிப்பிடத்தில் விபத்து விசாரித்து, பாதுகாப்பு முகாமைத்துவத்தில் முதிர்ந்து ஓய்வுபெறும் வயதில் நிற்கிறார்கள். சொந்த ஊரில் கேட்பாரில்லை. அவர்களுக்குக் கீழே பழக வேண்டிய பிள்ளைகளோ கப்பலுக்கும் கட்டாருக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். முப்பது வருடம் காணி இல்லாமல் இருந்தோம். இப்போது காணியைப் பற்றிப் பேசும் மேசையிலும் எங்களுக்கு ஆள் இல்லை என்றால் அதை எப்படிப் பொறுப்பது?

கோபத்தில் எழுதியதாகத் தோன்றினால் பொறுத்தருளுங்கள். பணிவாகவே மீண்டும் கேட்கிறோம். அனுபவமுள்ள ஒருவரை அதிகாரத்தோடு அமர்த்துங்கள். அடுத்த அறிவிப்புக்கு முன் அவர் நில அளவையாளரோடும் கிராம அலுவலரோடும் வந்து, துண்டுப்பட்டைக்கு ஒரு நிறத்திலும் முடிவுப் பாதுகாப்புப் பகுதிக்கு வேறு நிறத்திலும் முளை அடிக்கட்டும். தன் வளவு முளைக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் மயிலிட்டிக்காரர் அத்திவாரம் வெட்டலாமா, விடலாமா என்று தீர்மானிப்பார்.

இப்படிக்கு,
விமான நிலைய இயக்கத்திலும் பாதுகாப்பிலும் பணியாற்றிய சிலர்
யாழ்ப்பாணம்