பொருள் வழங்குவோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளோர் இன்றே செலுத்திவிட வேண்டுகிறேன்.

இவ்வாண்டு நாம் அதிகம் பேசியது, அரசு பில்லை நகர்த்த லஞ்சமாகக் கேட்கும் கமிஷனைப் பற்றித்தான். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஓர் அரசு விடுதிக்குப் பாய், தலையணை சப்ளை செய்தார். பில் நகரவில்லை. போய்க் கேட்டால், "பார்த்துச் செய்யுங்க" என்பதே பதில். ஆடி மாதக் கூட்டத்தில் அந்தப் பில்லின் நகலை மேசைமேல் விரித்தார். சட்டைப்பையிலேயே கிடந்து மடிப்பில் கிழிந்திருந்தது. நானும் முன்பு கமிஷன் கொடுத்தவன்தான். அதைச் சொல்லாமல் இந்த அறிக்கையை எழுத மனம் வரவில்லை.

பிற நாடுகளில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று அதன்பின் சேர்ந்து படித்தோம். லஞ்சம் கேட்கும் வாய்ப்பே குறையட்டும் என்று ஜார்ஜியா நாடு 2005-இல் தொழில் உரிமங்களின் எண்ணிக்கையையே பெருமளவு குறைத்தது. உக்ரைன் கதைதான் நமக்கு நெருக்கமானது. 2014 மக்கள் எழுச்சிக்குப் பின் தன்னார்வலர்கள் முன்னின்று 'புரோசோரோ' என்ற இணையவழி டெண்டர் முறையை உருவாக்கினர். 2015-இல் சோதனை ஓட்டம், 2016 ஆகஸ்ட் முதல் எல்லா அரசு அமைப்புகளின் கொள்முதலுக்கும் வந்தது. ஏலம் மூன்று சுற்று. நடக்கும்போது யார் கேட்கிறார் என்று தெரியாது, விலை மட்டும் தெரியும். முடிந்ததும் தோற்றவரின் விலையும் ஆவணங்களும்கூட யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏன் தோற்றோம் என்று தெரிந்தால்தானே தட்டிக் கேட்க முடியும்!

ஆனால் அதே உக்ரைனில் போர்க்காலத்தில் ராணுவக் கொள்முதல் விலை வெளியிடப்படாமல் இருந்தது. கடையில் 7 ஹ்ரிவ்னியா (உக்ரைன் நாணயம்) அளவில் விற்ற முட்டைக்கு 17 ஹ்ரிவ்னியா போட்ட ஒப்பந்தத்தை 2023 ஜனவரியில் பத்திரிகை வெளிக்கொண்டு வந்தது. பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சர் பதவி விலகினார்.

நம் நாட்டில் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். தனியாளாகப் போக யாருக்கும் பயம் வரும். எனவே புகார் கொடுக்கப் போகும் உறுப்பினருடன் செயற்குழுவினர் இருவர் கூடவே செல்வது என்று தீர்மானித்திருக்கிறோம். நிலுவைப் பில்களின் பட்டியலும் இனி மாதந்தோறும் கூட்டத்தில் வாசிக்கப்படும்.

பாய், தலையணைப் பில் இன்னும் வரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறோம். 30 நாள் கெடு அடுத்த வாரம் முடிகிறது.

இப்படிக்கு,
செயலாளர்