ஃபார்வெல்லின் வலது கை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1830 முதல் 1860 வரை தலைமை நீதிபதியாக இருந்த லெமுவேல் ஷா பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு வரி: ‘தொழிலாளிகளைக் கைவிடாத நீதிபதி’. இரண்டு முறை படித்தேன். அச்சுப்பிழை இல்லை.

பாஸ்டன் பூட்ஸ் தைப்பவர்கள் சங்கம் வைத்தது குற்றமல்ல என்று 1842இல் ஷா தீர்ப்பளித்தது உண்மைதான். அதே 1842இல் அவரே எழுதிய இன்னொரு தீர்ப்பு தங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நிக்கலஸ் ஃபார்வெல், ரயில் இன்ஜின் டிரைவர், நாளுக்கு 2 டாலர் கூலி. 1837இல், தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் செய்த தவறால் வண்டி தடம்புரண்டு, அவருடைய வலது கை போயிற்று. கம்பெனி ஒரு காசும் தர வேண்டாம் என்றார் ஷா. தவறு சக தொழிலாளியுடையதாம். ஆபத்துக்கும் சேர்த்துத்தான் சம்பளமாம். கூட வேலை செய்பவன் ஒழுங்கா என்று தொழிலாளிகளே கவனித்துக்கொள்ளலாமாம். ஓடுகிற இன்ஜினில் இருப்பவன் எங்கோ நிற்கும் பாயின்ட்ஸ்மேனை எப்படிக் கவனிப்பான்? அதே வண்டியில் ஒரு பயணியின் கை போயிருந்தால் கம்பெனி தப்பியிருக்காது.

1979இல், ஸ்பின்னிங் மில்லில், கார்டிங் மெஷினுக்குள் நான் கை விட்டிருந்தது தெரியாமல் ஒருவர் சுவிட்சைப் போட்டுவிட்டார். இரண்டு விரல். ஆஸ்பத்திரிக்கு வந்த மேனேஜர் சொன்னது: “போட்டவனைக் கேளப்பா.” ஷா பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். நம் 1923ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று யூனியனில்தான் எனக்குச் சொன்னார்கள்.

அது போகட்டும். சாரா ராபர்ட்ஸ் என்ற 5 வயதுக் கறுப்பினச் சிறுமி, வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிகள் ஐந்தைத் தாண்டித் தனக்கு ஒதுக்கிய பள்ளிக்கு நடந்தாள். அதில் தவறில்லை என்று 1850இல் எழுதியவரும் ஷாதான். நிறப் பிரிவினையைச் சரி என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் இதையே எடுத்துக் காட்டியது. ஷா நாவலாசிரியர் மெல்வில்லின் மாமனார் என்று சொல்ல அரைப் பக்கம் இருந்தது. சாராவுக்கு ஒரு வரி இல்லை.

உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. மே தின இதழில் எட்டு மணி நேர வேலை பற்றிய கட்டுரைக்கு நடுவில் நகைக்கடை விளம்பரம் போட்டவர்கள்தானே. என் போன ஆண்டுக் கடிதத்தையும் பாதியாக வெட்டி, கீழே வேறு யார் பெயரையோ போட்டிருந்தீர்கள்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழின் ‘திருத்தம்’ பகுதியில் ஃபார்வெல் பெயரை ஒரே ஒரு வரியில் போடுங்கள். என் பெயர் வேண்டாம், எப்படியும் தப்பாகத்தான் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் தொழிலாளி,
கோவை