டர்போ காரை விற்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் டிராக் பந்தயத்துக்காக மாற்றிய டர்போ கார்களை (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி உள்ளவை) விற்போர், போட்ட காசு திரும்பும் என்றே விலை சொல்கிறார்கள். ஆனால் காரைப் பதிவுநீக்கும்போது அரசு தரும் கழிவுகளில், பார்ஃப் கழிவு காருக்குக் கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தையும், சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) கழிவு அதன் எஞ்சிய காலத்தையும் பொறுத்தது. பெரிய டர்போவுக்கு அதில் ஒரு காசும் சேராது. அதைக் கழற்றித் தனியாக விற்பதே மேல்.

காரோடு வந்த பழைய பாகங்களைத் திரும்ப மாட்டும்போது டர்போ, புகைபோக்கி, புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், இன்ஜின் கணினி எல்லாம் ஒருசேர மாற வேண்டும். பழைய கணினியோடு பெரிய இன்ஜெக்டரை விட்டுவைத்தால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்து சிலிண்டர் சுவரின் எண்ணெயையே கழுவிவிடும். கரும்புகையோடு போகும் கார் வாகனப் பரிசோதனையில் தேறாது.

வாங்குபவருக்குச் சிலிண்டர் அழுத்தச் சோதனைத் தாளைக் கொடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கையில் எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றவிட்டு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 10 விழுக்காட்டைத் தாண்டினால், குறைந்ததில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளவிடுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) பழுது. இதை மறைத்து விற்பது பெரும் அநியாயம்.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி பெறாத மாற்றம் ஏதும் மிச்சமிருந்தால் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தால் வாங்கியவரின் காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம்.

இப்படிக்கு,
வாகன ஆர்வலர்கள் சிலர், உட்லண்ட்ஸ்