31-வது வரி

அன்புள்ள மகளுக்கு,

சதிக் கதைகளைக் கண்டுபிடிக்க நீ கணினியில் பழக்கும் மாடலுக்காக அனுப்பிய 50 இணையப் பதிவுகளுக்கும் லேபிள் போட்டுவிட்டேன். சரி, 49-க்கு. அரை மணி நேர வேலை என்றாய், எனக்கு இரண்டு சாயங்காலம் போய்விட்டது. சதிக் கதையை நம்பி எழுதியிருந்தால் 1, இல்லையென்றால் 0. கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. 31-வது வரியில் மாட்டிக்கொண்டேன்: "ஆமாமா, நிலாவுக்குப் போனதெல்லாம் ஸ்டூடியோ செட்டுதான். கொடியை ஆட்டினது எங்க மாமா."

இது கிண்டல் என்றுதான் எனக்குப் படுகிறது. உன் மாடல் 1 போட்டிருக்கிறது. நிலா, ஸ்டூடியோ, கொடி எல்லாம் ஒரே இடத்தில் வந்தால் அது வேறென்ன செய்யும்? பாவம், அதற்கு மாமா கிடையாது.

போனில் நீ சொன்ன 2020 ஆய்வு இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2013-ல் நியூஜெர்சியில் அரசியல் பழிவாங்கலுக்காகப் பாலத்துப் பாதைகளை அடைத்தது நிஜமான சதி. 2016-ல் வாஷிங்டன் பீட்சா கடையில் குழந்தைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கிளம்பியது கட்டுக்கதை. இரண்டிலும் யாருக்கும் யாருக்கும் என்ன தொடர்பு என்று கணினியே படித்துக் கோடு போட்டுக் காட்டியதாமே. நிஜத்தில் ஓர் இழையை உருவினாலும் மற்றவை நின்றன. கட்டுக்கதையில், விக்கிலீக்ஸ் என்ற இணையதளம் வெளியிட்ட மின்னஞ்சல்களை எடுத்ததும் எல்லாம் தனித்தனியாகக் கழன்று விழுந்தன. நிஜம் வெளியே வர வருடக்கணக்கானது, பொய் ஒரே மாதத்தில் முழு உருவம் எடுத்துவிட்டது.

எனக்கு அந்தக் கோடுகளை விட, துப்பாக்கியோடு அந்தக் கடைக்குப் போனவன்தான் கண்ணில் நிற்கிறான். குழந்தைகளை மீட்கப் போனானாம். அங்கே நிலவறையே இல்லை.

கொரோனா சமயத்தில், செல்போன் கோபுரத்தால்தான் நோய் பரவுகிறது என்று உனக்கு ஒன்று ஃபார்வர்டு செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "பொய்ப்பா" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டாய், கூடவே ஒரு லிங்க். அதை நான் திறக்கவே இல்லை. அப்புறம் ஒரு மாதம் உனக்கு எதுவும் அனுப்பவில்லை. மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன், அதை இப்போதுதான் சொல்கிறேன்.

அதனால்தான் 2024-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த சோதனையைப் பற்றி நீ சொன்னபோது கொஞ்சம் உறுத்தியது. சதிக் கதைகளை நம்பும் 2,000-க்கும் மேற்பட்டவர்களைச் செயற்கை நுண்ணறிவோடு பேச வைத்தார்கள். எதை நம்புகிறீர்கள், என்ன ஆதாரம் என்று முதலில் அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, அந்த ஆதாரத்துக்கு மட்டும் அது மூன்று சுற்று பதில் சொன்னது. நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் ஏறவில்லை. மந்திரம் ஒன்றுமில்லை, முக்கால்வாசிப் பேர் அதற்குப் பிறகும் நம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். அதே கருவியைப் பொய் சொல்லவும் பழக்கலாம் என்பது உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் அது கேட்ட கேள்வியை நீ என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: அந்தச் செய்தியை எனக்கு அனுப்பியவர், அதே வாரம் மனைவியைப் பறிகொடுத்தவர். அவரிடம் போய் ஆதாரம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு உன் அட்டவணையில் எந்தக் கட்டம் என்று தெரியவில்லை.

31-ஐக் காலியாக விட்டிருக்கிறேன். எழுதியவரைக் கேட்க வழியிருந்தால் கேள். இல்லையென்றால் கிண்டலுக்கு மூன்றாவதாக ஒரு லேபிள் வை, பழையவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். அடுத்த 50-ஐ ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு.

அப்பா