மருமகனுக்கு ஒரு கடிதம்: பாரெட்டின் உதடுகள்

அன்புள்ள மருமகனுக்கு,

சென்ற வாரம் நீ அனுப்பிய காணொளியை இரண்டு முறை பார்த்தேன். 1968 பிப்ரவரியில் 'பூத்தோன் ரூஜ்' என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகப் பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு வாசித்த பாடல்களை யாரோ செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் கொடுத்து, 4கே தரம், நொடிக்கு 60 படங்கள் என்று மாற்றி யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். "மாமா, நேற்று எடுத்தது மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். உண்மைதான். என் மனம் அதில் ஒட்டாமல் போனதற்கும் அதுவே காரணம். இதை வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லிவிட முடியாது என்பதாலும், உன்னைப் போலவே இப்படிப்பட்ட படங்களை ஆசையோடு பகிர்கிறவர்கள் பலர் இருப்பதாலும் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் படப்பிடிப்பு பாரிஸில் நடந்தது பிப்ரவரி 20 அன்று. பாடகராகவும் பாடலாசிரியராகவும் குழுவின் உயிராக இருந்த சிட் பாரெட் மேடையேறுவது நின்றுபோய்ச் சில வாரங்களே ஆகியிருந்தன. அவர் விலகினார் என்ற முறையான அறிவிப்பு ஏப்ரலில்தான் வந்தது. அவருடைய இடத்தில் நின்ற டேவிட் கில்மருக்கு 22 வயது நிறைய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குச் சற்று முன்பு பெல்ஜியத் தொலைக்காட்சிக்காக கில்மர் சேர்ந்த இதே நால்வர் குழு ஒலிப்பதிவில் இருந்த பாரெட்டின் குரலுக்கு வாயசைத்திருந்தது. பாரிஸிலோ உண்மையாகவே வாசித்தார்கள், உண்மையாகவே பாடினார்கள். பாரெட் எழுதிய 'ஆஸ்ட்ரானமி டோமினே', 'ஃப்ளேமிங்' ஆகிய பாடல்களைக் கில்மர் அங்கே தம் குரலில் பாடுகிறார். நண்பனின் பாட்டை, நண்பனின் இடத்தில் நின்று, அவன் இன்னும் முழுதாக வெளியேறாத நிலையில் பாட நேர்ந்த ஓர் இளைஞனின் முகத்தைப் பார்க்கத்தான் நான் அந்தப் பதிவுக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். நீ அனுப்பியதில் அந்த முகம் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருக்கிறது. 'செட் தி கண்ட்ரோல்ஸ்' பாடலில் ட்ரம்ஸ் கலைஞர் நிக் மேசன் பஞ்சுத்தலைக் குச்சிகளால் ட்ரம்ஸை உருட்டி உருட்டி வாசிக்கும் இடத்தில், குச்சியின் தலை தோலோடு கரைந்து மறைந்து மறுபடி முளைக்கிறது. அங்கே என்ன இருந்திருக்கும் என்று மென்பொருள் ஊகித்து வரைந்திருக்கிறது.

மீட்டெடுத்தல் என்பது வேறு வேலை. ரசிகர்களிடையே பல ஆண்டுகள் கைமாறிய விஎச்எஸ் வீடியோ நாடாக்களில், நகலின் நகலாகப் போய் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழிந்து கிடக்கும். முதல் வேலை, அவற்றை ஒதுக்கிவிட்டு மூலத்துக்கு மிக அருகில் இருக்கும் படச்சுருளையோ நாடாவையோ தேடிப் பிடிப்பது. பிறகு தூசியையும் கீறலையும் நீக்க வேண்டும், ஆடும் படத்தை நிலைநிறுத்த வேண்டும், பல மடங்கு பொறுமையோடு ஓடும் வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். நொடிக்கு 24 படங்களாக எடுத்ததை ஐரோப்பியத் தொலைக்காட்சியின் 25 படங்களில் அப்படியே ஓட்டினால், பாட்டின் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். கேட்பவருக்கு ஏதோ உறுத்தும், என்னவென்று பிடிபடாது. இந்த வேலைகள் எல்லாம் சுருளில் பதிந்திருப்பதை நோக்கி நம்மை நகர்த்துகின்றன. அதில் இல்லாத ஒன்றையும் சேர்ப்பதில்லை.

குழுவின் ஆரம்ப காலப் பதிவுகளைத் தொகுத்து 2016 நவம்பரில் வெளிவந்த 'தி எர்லி இயர்ஸ்' பெட்டியில் 27 வட்டுகள் இருக்கின்றன. அதில் 1967 ஜூலை 6 அன்று பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் 'சீ எமிலி ப்ளே' பாடலுக்குக் குழு தோன்றிய பகுதியும் உண்டு. அக்காலத்தில் ஒளிப்பதிவு நாடா விலை உயர்ந்த பொருள். ஆகவே ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவார்கள். அறுபதுகளின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' பெரும்பாலும் அப்படித்தான் போயிற்று. இந்தத் துண்டு மட்டும் வீட்டுப் பதிவுக் கருவி ஒன்றில் யாரோ எடுத்து வைத்ததால் பிழைத்து, 2010 ஜனவரியில் லண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் அரங்கில் திரையிடப்பட்டது. படம் கிழிகிறது, சரிகிறது, பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடுகின்றன. பெட்டியின் பட்டியலில் அதை 'பகுதியளவே மீட்டெடுக்கப்பட்டது' என்று வெளிப்படையாகக் குறித்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர்கள் மேல் எனக்கு மதிப்பு கூடியது. முடிந்தவரை செய்தோம், மீதியைக் காலம் தின்றுவிட்டது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அதில் இருக்கிறது.

இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பாய். 1967 நவம்பரில் அமெரிக்காவுக்குப் போனபோது பாரெட் தொலைக்காட்சியில் வாயசைக்கவே மறுத்து வெறித்து நின்றார் என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. ஆனால் அதே பயணத்தில் 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' நிகழ்ச்சியில் 'ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்' பாடலுக்கு அவர் தோன்றிய பதிவு கிடைத்திருக்கிறது. அதில் அவருடைய உதடுகள் பாட்டோடு அசைகின்றன. பிறகு நிகழ்ச்சித் தொகுப்பாளர் டிக் கிளார்க் கேட்கும் கேள்விக்குச் சுருக்கமாகப் பதிலும் சொல்கிறார். ஒரு மனிதனின் மனநிலை குலைந்துவிட்டது என்று உலகம் ஐம்பது ஆண்டுகளாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது, அந்த உதடசைவு ஒரு சாட்சியம். அதை மென்பொருளிடம் கொடுத்து மறுபடி வரையச் சொன்னால் அழகான உதடுகள் கிடைக்கும். ஆனால் அவை யாருடைய உதடுகள்?

அதே ஆண்டு மே 14 அன்று ஒளிபரப்பான பிபிசியின் 'தி லுக் ஆஃப் தி வீக்' நிகழ்ச்சியையும் தவறாமல் பார். நான்கு நரம்புக் கருவிகள் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்தியச் செவ்வியல் இசையில் ஊறி வளர்ந்த, வியன்னாவில் பிறந்த ஹான்ஸ் கெல்லர் என்ற இசை அறிஞர், இவர்களுடைய இசை ஏன் இத்தனை சத்தமாக இருக்க வேண்டும் என்று முகத்துக்கு நேராகவே கேட்கிறார். இருபத்தொரு வயது பாரெட்டும் குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸும் கோபப்படாமல், எங்களுக்கு அப்படித்தான் பிடிக்கிறது என்ற பொருளில் பதில் சொல்கிறார்கள். பாரெட்டின் பேச்சு தெளிவாகவும் பணிவாகவும் இருக்கிறது. பின்னாளில் அவரைப் பற்றிச் சொல்லப்பட்ட எதையும் அறியாத ஒருவர் பார்த்தால், நன்றாகப் படித்த ஒரு வீட்டுப் பிள்ளை என்றுதான் நினைப்பார். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒளித்திட்டுகள் வழிந்து, வாசிப்பவர்களின் உருவம் பாதி இருளில் கிடக்கிறது. அந்த இருள் அவர்கள் வேண்டுமென்றே அமைத்தது; யாரும் அதை வெளுக்க வேண்டியதில்லை.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆர்வத்தில் செய்தவரையும் குறை சொல்லவில்லை. அது மீட்டெடுத்த படம் என்ற பெயரில் பரவுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நீயும் இனி யாருக்கேனும் அனுப்பினால், இது மென்பொருள் வரைந்தது என்று ஒரு வரி சேர்த்து அனுப்பு.

அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது அந்த பாரிஸ் பதிவை வட்டிலிருந்து போடுகிறேன். 'ஃப்ளேமிங்' தொடங்கியதும் கில்மரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிரு. துகள் துகளாகத்தான் தெரியும். கொஞ்சம் கிட்டே உட்கார்ந்துகொள்.

அன்புடன்,
மாமா